பழைய கார் மீட்டர் டயலை வீட்லயே சரி பண்றது எப்படி

என்னோட முதல் டயலை நான் ஏழு செகண்ட்ல காலி பண்ணேன். ஒரு பழைய ஜீப்போட ஆம்பியர் மீட்டர், மேல லேசா நிகோடின் கறை மாதிரி மஞ்சள் படிஞ்சிருந்துச்சு, பக்கத்துல தின்னர் டப்பா இருந்துச்சு, பஞ்சுல நனைச்சு ஒரு தேய். மஞ்சள் போச்சு, கூடவே எழுத்தும் போச்சு. வெறும் கறுப்பு தகடும் அதுக்கு மேல ஆடிக்கிட்டு ஒரு ஊசியும்தான் மிச்சம், அது சார்ஜ் ஆகுதா டிஸ்சார்ஜ் ஆகுதான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் பெரியப்பாவோட மோரிஸ் மைனர், பழைய பிரிட்டிஷ் கார், என் கைக்கு வந்தப்போ, அந்த ஸ்பீடோமீட்டரை தொடறதுக்கே ஆறு மாசம் யோசிச்சேன். மைனர் ஓட்டுனவங்களுக்கு தெரியும், மைனர் 1000ல டேஷ்போர்டுக்கு நட்டநடுவுல பெருசா ஒரே ஒரு ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர்தான், பெட்ரோல் முள்ளும் வார்னிங் லைட்டும் எல்லாமே அதுக்குள்ளயே குடும்பம் நடத்தும். அது போச்சுன்னா டேஷ்போர்டே போச்சு. அந்த ஆறு மாசத்துல கத்துக்கிட்டதையும் அதுக்கப்புறம் ஏழெட்டு டயல்ல பட்டதையும் சேர்த்து இங்க எழுதுறேன். மைனர் மட்டும் இல்ல, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, எம்ஜி, லேண்ட்ரோவர்னு அந்தக் கால பிரிட்டிஷ் வட்ட மீட்டர் எதுக்கும் முக்கால்வாசி இது பொருந்தும்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க. உங்க மீட்டர் 1930ல இருந்து 50கள் வரைக்கும் உள்ளதா இருந்து, நம்பர் மேலயும் முள்ளு மேலயும் தடிப்பா, பழுப்பா, காஞ்ச மாவு மாதிரி ஒரு பூச்சு இருந்தா கண்ணாடிய திறக்காதீங்க. அது நிஜ ரேடியம் பெயின்டா, அதாவது கதிர்வீச்சு வர்ற பெயின்டா இருக்கலாம். நம்ம ஊர்ல நம்பர் பிளேட்ல ஒட்டுற மின்னுற ஸ்டிக்கருக்கு எல்லாம் ரேடியம்னு பேர் வெச்சுட்டோம், அதுல ரேடியம் ஒரு துளி கூட கிடையாது, ஆனா இந்தப் பழைய டயல்ல உண்மையிலேயே இருக்கலாம். இருட்டுல மின்னல, அதனால பயமில்லன்னு நினைக்காதீங்க. மின்னுறது ரேடியத்தோட கூட கலந்த ஜிங்க் சல்ஃபைடு, அது சில வருஷத்துலயே செத்துரும், ரேடியம் பாதியா குறையறதுக்கே 1600 வருஷம் ஆகும். 1920கள்ல அமெரிக்காவுல நியூஜெர்சியில வாட்ச் டயலுக்கு இதே பெயின்ட் அடிச்ச பொண்ணுங்க பிரஷ்ஷ உதட்டுல வெச்சு கூர் பண்ணி பண்ணி தாடை எலும்பு அரிச்சு செத்தாங்க. சுரண்டுறது, ஊதுறது, உப்புத்தாள் போடுறது, மூணும் கூடாது. தூசி மூக்குக்குள்ள போறதுதான் ஆபத்தே. கதிர்வீச்சை அளக்கிற கைகர் கவுன்டர் வெச்சிருக்கிற யாராவது ஃபிசிக்ஸ் வாத்தியார் கிடைச்சா காட்டுங்க, இல்லன்னா அப்படியே கண்ணாடியோட வண்டில இருக்கட்டும், அழுக்கா இருந்தா இருந்துட்டு போகட்டும்.

சரி, அது இல்லன்னு உறுதி ஆயிருச்சுன்னா மேல படிங்க.

முதல்ல பேட்டரி டெர்மினல கழட்டுங்க. மீட்டருக்குப் பின்னாடி கை விடறப்போ ஒரு ஒயர் பாடில தட்டுச்சுன்னா அறுபது வருஷ ஒயரிங் முழுசா புகையாகும். அப்புறம் போன்ல போட்டோ, ஒவ்வொரு ஒயரும் எந்த பின்ல இருக்குன்னு, பேப்பர் டேப்ல எழுதி ஒட்டியும் வைங்க, ரெண்டுமே பண்ணுங்க, ஏன்னா பழைய ஒயர் எல்லாமே ஒரே அழுக்கு கலர்லதான் இருக்கும், போட்டோல ஒண்ணும் புரியாது. ஸ்பீடோ கேபிள் பின்னாடி ஒரு திருகு நட்டுல இருக்கும், அதை விரலால கழட்டுங்க, பிளேயர் போட்டா நசுங்கும். ஓடுன மைல் ரீடிங்கையும் ஒரு போட்டோ எடுத்து வைங்க, வேலை முடிஞ்சு திரும்ப மாட்டறப்போ அதே நம்பர் இருக்கணும்.

டெம்பரேச்சர் மீட்டர் இருக்கிற வண்டியா இருந்தா கவனம். பழைய ஸ்மித்ஸ் டெம்பரேச்சர் மீட்டருக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு செம்புக் குழாய் இன்ஜின் வரைக்கும் போகும், உள்ள ஈதர் அடைச்சிருக்கும். அது ஒயர் இல்ல. வெட்டுனீங்கன்னாலோ மடங்கி ஒடைஞ்சாலோ மீட்டர் செத்துப்போச்சு, இன்ஜின் பக்கம் இருக்கிற குழாய் முனையோட (அதையும் பல்புன்னுதான் சொல்வாங்க, லைட் பல்பு இல்ல) சேர்த்துதான் வெளிய எடுக்கணும்.

அடுத்து ரிங்கை கழட்டறது. சுத்தி இருக்கிற க்ரோம் ரிங்குல உள்பக்கமா மூணு நாலு சின்ன நாக்கு இருக்கும், மீட்டர் டப்பாவோட விளிம்புல அதுக்கு ஏத்த வெட்டு இருக்கும். ரிங்கை திருப்பி நாக்கும் வெட்டும் நேர் வந்தா கழண்டு வரும், எளிமையான சமாச்சாரம், ஆனா அறுபது வருஷமா திருப்பாத ரிங்கு சும்மா வராது. பெனட்ரேட்டிங் ஆயில் ஸ்ப்ரேய மட்டும் நேரா அடிச்சுராதீங்க, அது கண்ணாடிக்கு அடியில ஊறி டயல் மேல பரவும், பரவுச்சுன்னா போகாது. பல்குத்துற குச்சில ஒரு சொட்டு தொட்டு விளிம்புல மட்டும் வெச்சு, ரிங்கு கீழ பார்க்க ராத்திரி முழுக்க விடுங்க. காலைல ஜாடி மூடி திறக்கிற மாதிரி ரப்பர் கையுறை போட்டு திருப்புங்க. ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்புனா ரிங்கு நெளியும், நெளிஞ்ச ரிங்கு எவ்ளோ தட்டுனாலும் வட்டமா வராது.

கண்ணாடி எடுத்தாச்சு. இப்பதான் உண்மையான டயலை முதல்முறையா பார்ப்பீங்க, நிறைய பேருக்கு இங்கயே வேலை முடிஞ்சுரும். நிஜமா. அழுக்குன்னு நாம நினைக்கிறதுல பாதி கண்ணாடியோட உள்பக்கம் படிஞ்ச புகைதான். என் மைனர்ல கண்ணாடிய சோப்புத் தண்ணில கழுவி காயவெச்சு திரும்ப வெச்சு பார்த்தேன், அடடா இவ்ளோ நாள் இதுக்கா பயந்தோம்னு இருந்துச்சு. மைனரோட பழைய டயல் ஒரு வெண்கலத் தங்கக் கலர், அந்தக் கலரை இன்னிக்கு கலக்கி எடுக்கறது பெரிய தலைவலி, அதனால அதை வெறுமனே சுத்தம் பண்ணி விட்டதுல எனக்கு இன்னிக்கும் சந்தோஷம்தான். உங்க டயல்ல எழுத்து முழுசா படிக்க முடியுது, ஒரு சில புள்ளி மட்டும் உரிஞ்சிருக்குன்னா, தயவுசெஞ்சு புதுசா பெயின்ட் அடிக்காதீங்க. கம்பெனில அச்சடிச்ச எழுத்தோட விளிம்பு ஒரு மாதிரி மெத்துன்னு இருக்கும், நாம எவ்ளோ நல்லா பண்ணாலும் புது அச்சு கொஞ்சம் ஸ்டிக்கர் மாதிரிதான் தெரியும், கண்ணு தெரிஞ்சவன் கதவைத் திறந்ததும் கண்டுபிடிச்சுருவான்.

சுத்தம் பண்றது இப்படி. முதல்ல மெல்லிசான மேக்கப் பிரஷ், ஒட்டகமுடியோ அணில்முடியோ, தூசிய மட்டும் தட்டணும். அப்புறம் காது குடையற பஞ்சுக்குச்சில டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்துறதுதான், ஒரு சொட்டு தொட்டு பிழிஞ்சு, டயலோட ஓரத்துல ரிங்கு மறைக்கிற இடத்துல இருக்கிற ஏதாவது ஒரு எழுத்துலயோ கோட்டுலயோ உருட்டிப் பாருங்க. தேய்க்கக்கூடாது, உருட்டணும். பஞ்சுல வெள்ளை ஒட்டுச்சுன்னா அந்த டயலோட எழுத்து தண்ணிக்கே கரையுதுன்னு அர்த்தம், அப்போ காஞ்ச பிரஷ்ஷோட நிறுத்திக்கோங்க. ஒட்டலன்னா கொஞ்சம் கொஞ்சமா போகலாம், ஒவ்வொரு தடவையும் புதுப் பஞ்சு. தண்ணிக்கு மசியாத பிசுக்குக்கு எச்சில். சிரிக்காதீங்க, மியூசியத்துல பழைய ஓவியம் சுத்தம் பண்றவங்களே பஞ்சுல எச்சில் தொட்டு பண்றது உண்டு, அதுல இருக்கிற என்ஸைம் பிசுக்கை கரைக்கும், பெயின்ட்டை பெரும்பாலும் தொடாது. அப்புறமா ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர்ல துடைச்சிருங்க. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணி, கார் பாலிஷ், இது எதுவும் டயல் இருக்கிற ரூமுக்குள்ளயே வேண்டாம். ஸ்டீல் உல்லும் வேண்டாம், அதுக்கு வேற காரணம்: ஸ்பீடோக்குள்ள ஒரு காந்தம் இருக்கு, அந்த இரும்புத் துகள் எல்லாம் போய் அதுல ஒட்டிக்கும், அப்புறம் முள்ளு விக்கிவிக்கி நகரும்.

அங்கங்க உரிஞ்ச புள்ளிக்கு டச்சப் போதும். ஹாபி கடைல கிடைக்கிற அக்ரிலிக் பெயின்ட், தண்ணில கலக்கறது, அதான் நல்லது, ஏன்னா பிடிக்கலன்னா ஈரத்துலயே துடைச்சுடலாம், பழைய பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. மூணு சைபர் (000) அளவு மெல்லிய பிரஷ், முடிஞ்சா ஒரு பூதக்கண்ணாடி விளக்கு. வெள்ளை எழுத்தை சுத்த வெள்ளைல தொடாதீங்க, பழசு இப்போ பழுப்பு வெள்ளையா இருக்கும், ஒரு துளி மஞ்சளும் ஒரு துளி காப்பிக் கலரும் கலந்தாதான் ஒத்துப்போகும்.

இப்போ மோசமான டயலுக்கு வருவோம். தகடு துரு பிடிச்சு பெயின்ட் கொப்புளிச்சிருக்கு, என் ஆம்பியர் மீட்டர் மாதிரி எழுத்தே இல்ல, அப்போ புதுசாதான் அடிக்கணும். வேற வழி இல்ல. எதையும் தொடறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுங்க, ஃபிளாட் ஸ்கேனர்ல 1200 டிபிஐல, பக்கத்துல ஒரு ஸ்டீல் ஸ்கேல் வெச்சு. போன் போட்டோ உதவாது, லென்ஸ் ஓரத்தை வளைக்கும், வட்டம் முட்டையாகும். எழுத்து பாதி அழிஞ்சிருந்தா அதே மாடல் டயலை வேற யார்கிட்டயாவது வாங்கி ஸ்கேன் எடுங்க. கோயம்புத்தூர்ல ஜிடி கார் மியூசியம் மாதிரி இடத்துக்குப் போனா பழைய டேஷ்போர்டு நிறைய பார்க்கலாம், கோடு தடிமன், எழுத்தோட வடிவம் எல்லாம் மனசுல நிக்கும்.

தகட்டை வெளிய எடுக்கணும்னா முள்ளை புடுங்கணும், புதுசா பண்றவங்க தப்பு பண்றது இங்கதான். ஸ்பீடோ எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா தப்பு நடக்காது. கேபிள் ஒரு காந்தத்தை சுத்துது, அதை ஒட்டி ஒரு அலுமினியக் கிண்ணம் தொடாம நிக்குது, காந்தம் சுத்தறப்போ கிண்ணமும் கூடவே இழுபடும், ஒரு தலைமுடி மாதிரி ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். அந்தக் கிண்ணத்தோட தண்டுலதான் முள்ளு சொருகியிருக்கு. ஜீரோல ஒரு சின்ன ஆணி முள்ளை தடுத்து நிறுத்தியிருக்கும், ஆனா ஸ்பிரிங்கோட உண்மையான ஓய்வு இடம் அந்த ஆணிக்கும் கீழ. அதனால முள்ளை மெதுவா தூக்கி ஆணியைத் தாண்ட விட்டு, அது தானா எங்க போய் நிக்குதுன்னு பார்த்து, அந்த இடத்தை டப்பா விளிம்புல பென்சில்ல குறிச்சு போட்டோவும் எடுங்க. திரும்ப மாட்டறப்போ அதே இடத்துல சொருகி, அப்புறம் தூக்கி ஆணிக்கு இந்தப் பக்கம் கொண்டு வரணும். இதை குறிக்காம விட்டீங்கன்னா நாப்பதுல போறப்போ முப்பதுன்னு காட்டும்.

புடுங்கறதுக்கு ரெண்டு டீஸ்பூன் போதும். ஒரு விசிட்டிங் கார்டுல வெட்டு போட்டு முள்ளுக்கு அடியில டயல் மேல விரிச்சு, ரெண்டு பக்கமும் ஸ்பூன் நுனிய குடுத்து ஒரே நேரத்துல ஒரே அளவு நெம்பணும். நேரா மேல வரணும், சாய்ச்சா தண்டு வளையும். பெட்ரோல் மீட்டர் மாதிரி சின்னதுல நிறைய மாடலுக்கு முள்ளை புடுங்கவே வேண்டாம், டயலை பிடிச்சிருக்கிற ரெண்டு குட்டி ஸ்க்ரூவ கழட்டுனா தகட்டை அப்படியே சாய்ச்சு உருவிடலாம், அதனால முதல்ல அதைப் பாருங்க. மைல் காட்டுற நம்பர் சக்கரத்தை காஞ்ச பிரஷ்ஷால மட்டும் தட்டுங்க, ஈரம் பட்டா நம்பர் அழியும்.

தகடு தனியா வந்துருச்சுன்னா இனி வழக்கமான பெயின்ட் வேலைதான், ஆனா சின்ன அளவுல. பழைய பெயின்ட்டை ரிமூவர் போட்டு எடுத்து, 800 வாட்டர் பேப்பர், அப்புறம் 1000. அலுமினியத் தகடா இருந்தா எட்ச் ப்ரைமர், அதாவது உலோகத்தை கவ்விப் பிடிக்கிற அடிக்கோட், கட்டாயம், இல்லன்னா ரெண்டே வருஷத்துல தோல் மாதிரி உரியும். கறுப்புல எந்த கறுப்பு? நிறைய பேர் முழு மேட் வாங்கி அடிக்கிறாங்க, அது ஸ்கூல் போர்டு மாதிரி இருக்கும். பழைய டயலை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, லேசா ஒரு பட்டுப் பளபளப்பு இருக்கும், சாட்டின்னு சொல்றது அதான். ரிங்குக்கு அடியில மறைஞ்சிருந்த ஓரம்தான் உங்க கலர் சாம்பிள், வெயில் படாத ஒரே இடம் அது. மூணு நாலு மெல்லிய கோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கால் மணி நேரம். மழை நாள்ல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடிக்காதீங்க, காத்துல இருக்கிற ஈரம் பெயின்ட் மேல உறைஞ்சு வெள்ளை பூத்துரும். ஐப்பசி கார்த்திகைல இந்த வேலைய எடுக்கறதே இல்ல நான்.

இப்போ எழுத்து. வீட்டு பிரிண்டர்ல வெள்ளை கலர் கிடையாது, இது தெரியாம டெக்கால் பேப்பர், அதாவது அச்சடிச்சு ஒட்டுற மெல்லிய படலம், வாங்கி காசை விட்டவங்க நிறைய பேர். ஒரு குறுக்கு வழி இருக்கு, தகட்டை வெள்ளையா அடிச்சு, எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் காலியா விட்டு மத்ததெல்லாம் கறுப்பா டெக்கால்ல அச்சடிச்சு ஒட்டறது. பகல்ல பரவாயில்லாம இருக்கும், ராத்திரி லைட் போட்டா கறுப்பு வெளிறித் தெரியும். எனக்குப் பிடிக்கல. ரேடியம் ஸ்டிக்கர் கடைல வினைல் வெட்டியும் பண்ணலாம், ஆனா ப்ளாட்டர் கத்தி ஒரு மில்லிமீட்டருக்கு கீழ கோட்டை ஒழுங்கா வெட்டாது, பெரிய நம்பருக்கு ஓகே, சின்னக் கோடெல்லாம் பிய்ஞ்சு வரும்.

சரியான வழி, கம்பெனியே பண்ண வழிக்கு நெருக்கமானது, ஸ்கிரீன் பிரிண்டிங். நம்ம ஊர்ல இதுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்ல, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எந்த சின்ன பிரஸ்லயும் இருக்கு, சிவகாசி பக்கம்னா தெருவுக்கு ரெண்டு. ஸ்கேனை கோரல்டிராலயோ இங்க்ஸ்கேப்லயோ வெச்சு கோடு கோடா வெக்டரா வரையணும், ஆட்டோ ட்ரேஸ் போடாதீங்க, அது உரிஞ்சதையும் சேர்த்து வரையும். ஸ்பீடோ டயல்னா நடு ஓட்டையை மையமா வெச்சு கோடுகளை கோணம் கணக்குப் போட்டு சுத்துங்க, ஆனா எல்லா கோட்டுக்கும் நடுவுல ஒரே இடைவெளின்னு நினைச்சுக்காதீங்க, பழசை அளந்து பார்த்துட்டு போடுங்க. எழுத்துக்கு ஒத்த ஃபான்ட் தேடி நேரத்தை விடாதீங்க, அந்த எழுத்தெல்லாம் கைல வரைஞ்சது, மேல வெச்சு ட்ரேஸ் பண்றதுதான் சீக்கிரம்.

பிரஸ்ல போய் மூணு விஷயம் சொல்லணும். பத்திரிகைக்கு போடுற மெஷ்ஷ (ஸ்கிரீனோட வலைத்துணி) விட நெருக்கமான மெஷ், சென்டிமீட்டருக்கு 120 இழை போல. உலோகத்துல பிடிக்கிற இங்க், பேப்பர் இங்க் இல்ல. அப்புறம் ஒரு அச்சுப் பலகை, அதை நீங்களே செஞ்சு எடுத்துட்டு போங்க, ஒரு பிளைவுட் துண்டுல டயலோட ஸ்க்ரூ ஓட்டைக்கு நேரா ரெண்டு குட்டி ஆணி, டயல் அதுல உட்காந்தா அசையக்கூடாது, ஆணி தலை தகட்டை விட உயரமாவும் இருக்கக்கூடாது, இருந்தா ஸ்கிரீன் கிழியும், பிரஸ் அண்ணன் கோவிச்சுக்குவாரு. முதல்ல டயல் மேல ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) ஒட்டி அதுல அடிச்சுப் பாருங்க, நடு ஓட்டைக்கு சரியா வந்துருச்சுன்னா ஷீட்டை எடுத்துட்டு நிஜத்துல அடிங்க. தப்பா விழுந்தா ஈரம் காயறதுக்குள்ள துடைக்கணும், ஆனா அடியில இருக்கிற கறுப்பும் கரையாம இருக்கணும்னா கறுப்பு முழுசா காஞ்சிருக்கணும், நான் ஒரு வாரம் விட்டுட்டுதான் போவேன். நான் முதல்முறை போனப்போ ஒரே ஒரு டயலுக்கா இவ்ளோ அலப்பறைன்னு பிரஸ் அண்ணன் சிரிச்சாரு, அடிச்சு முடிச்சதும் அவரே போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டாரு. எழுத்து மேல க்ளியர் கோட் அடிக்காதீங்க, அது எழுத்தை கரைக்கும், கண்ணாடி இருக்கறப்போ அது தேவையும் இல்ல.

முள்ளுக்கு பெயின்ட் அடிக்கறப்போ அதோட எடை மாறக்கூடாது. தடிப்பா அடிச்சா ஒரு பக்கம் கனமாகி, தலைமுடி ஸ்பிரிங் தூக்க முடியாம ரீடிங் தப்பும். பழசை எடுத்துட்டு, தெர்மோகோல்ல குத்தி நிக்க வெச்சு, தூரத்துல இருந்து பனி மாதிரி மெல்லிசா ரெண்டே கோட்.

மூடறதுக்கு முன்னாடி டப்பாவோட உள்பக்கம் பாருங்க. ஸ்மித்ஸ் டப்பால உள்ள வெள்ளையோ வெளிர் பச்சையோ அடிச்சிருப்பாங்க, பல்பு வெளிச்சம் அதுல பட்டு சிதறித்தான் டயல் மேல விழும். அது கறுத்துப் போயிருந்தா ராத்திரில மீட்டர் தெரியாது, நாம பல்பை குறை சொல்லிட்டு இருப்போம். அங்க ஒரு கோட் வெள்ளை அடிச்சீங்கன்னா அசந்துருவீங்க. பல்பு பழைய 12 வோல்ட் 2.2 வாட் போதும், பெரிய வாட் போட்டா சூட்டுல உங்க புது பெயின்ட் கொப்புளிக்கும். கேபிள் நுழையற இடத்துல ஒரு துளி வாட்ச் ஆயில், அவ்ளோதான், கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவுல ஒரு சொட்டு கூட போகக்கூடாது.

கண்ணாடி உடைஞ்சிருந்தா போட்டோ ஃப்ரேம் கடைல வட்டமா வெட்டித் தருவாங்க, ரப்பர் சீல் புதுசு போடுங்க. உடனே மூடாதீங்க, பெயின்ட்டுல மிச்சம் இருக்கிற தின்னர் ஆவி உள்பக்கம் படலமா படியும், நல்லா காய விட்டு வெயில் இருக்கிற மத்தியானமா பார்த்து மூடுங்க, கைரேகை இல்லாம.

வண்டில மாட்டறதுக்கு முன்னாடி டேபிள் மேலயே சோதிக்கலாம். டயல்ல கீழ சின்னதா ஒரு நம்பர் இருக்கும், உதாரணத்துக்கு 1184ன்னு வைங்க, ஒரு மைலுக்கு கேபிள் அத்தனை சுத்து சுத்துதுன்னு அர்த்தம். 60 மைல் வேகம்னா நிமிஷத்துக்கு ஒரு மைல், அப்போ கேபிள் நிமிஷத்துக்கு 1184 சுத்து, 30 மைலுக்கு 592. அதனால புது டயல் அடிக்கறப்போ இந்த நம்பரை விட்டுராதீங்க, பின்னாடி வர்றவனுக்கு வேணும். பழைய கேபிளோட உள்கம்பிய ஒரு துண்டு வெட்டி டிரில் மெஷின்ல மாட்டி, சதுர முனைய மீட்டர்ல சொருகி மெதுவா ஓட்டுங்க. முள்ளு ஏறாம ஆணில போய் இடிச்சு மைல் பின்னாடி ஓடுச்சுன்னா திசை தப்பு, உடனே நிறுத்தி ரிவர்ஸ் போடுங்க. டிரில் வேகத்தை சுத்தை எண்ணுற சின்ன லேசர் டேக்கோமீட்டர் வெச்சு அளந்தா போதும். பெட்ரோல் மீட்டரை சோதிக்கறப்போ, வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வெச்ச மாடலா இருந்தா அதுக்கு வேண்டியது 10 வோல்ட்தான், நேரா 12 வோல்ட் பேட்டரில குடுத்துராதீங்க.

என் மைனர் இப்போ போன் ஜிபிஎஸ்ஸ விட ரெண்டு மைல் கூடக் காட்டுது. பெரியப்பா அதை வால்பாறை எஸ்டேட்ல வாங்குனப்பவே அப்படித்தான் காட்டுச்சாம், அதனால முள்ளை நான் தொடல.